நான் நகர்த்திய படகுகள்

புதிதாகப் பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். ஓய்வு பெற்ற கேப்டனை எழுதச் சொன்னால், புயலில் கப்பலைக் காப்பாற்றிய கதையைத்தான் எழுதுவான். என்னிடமும் அப்படி இரண்டு கதை இருக்கிறது. என் மனைவியே அவற்றைக் கேட்டுச் சலித்துவிட்டாள். உங்களையாவது விட்டுவிடுகிறேன். இதை எழுதுவது வேறு ஒன்றுக்காக. ஒரு மீனவர் செத்துப்போனார். அதில் என் பங்கு என்ன என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. நீங்கள் உட்காரப்போவது நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதனால் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சிமுலேட்டர் அறை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கப்பலை நின்று ஓட்டுகிற மேல்தளம் போலவே ஒரு பொய்யான பிரிட்ஜ். சுக்கான், ரேடார், சுற்றிலும் திரையில் கடல். இந்தப் பக்கம் நாம். மழை நம் கையில், மூடுபனி நம் கையில், எதிரே வருகிற கப்பல்களும் நம் கையில். வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய ஆள் பிடிக்க முடியாதவன்கூட அங்கே உட்கார்ந்து புயல் அடிக்கவைக்கலாம். முதல் வாரம் அது வேடிக்கையாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். பழகின பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும்; நான் இருக்கவில்லை.

நான் நல்ல வாத்தியார் என்று பெயர் எடுத்தவன். பிரிட்ஜில் நிற்கிற நாலு பேர் எப்படி ஒரே ஆளாக வேலை செய்வது என்பதுதான் என் பாடம். கேப்டன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னவன் சொன்னாலும் பெரியவன் காது கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொன்னதில்லை. மூன்றாம் அதிகாரியாக நான் முதல் கப்பலில் ஏறியபோது ஒரு கேப்டன் இருந்தார். அதிகம் பேசாதவர். ஒரு மத்தியானம் குறுக்கே வந்த கப்பலைப் பார்த்து, "அது விலகிப் போகிறது சார்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "விலகிப் போகிறதா, அல்லது விலகிப் போனால் தேவலை என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார். அளந்து பார்க்கச் சொன்னார். அளந்தேன். அது விலகவில்லை, நேராக எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது. அவர் கப்பலைத் திருப்பிவிட்டு மறுபடி டீ குடிக்கப் போய்விட்டார். நான் வேர்த்துப்போய் நின்றேன்.

இந்தக் கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டு எழுந்து கட்டுப்பாட்டு அறைக்குள் போய் நான் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருகிற பயிற்சி ஒன்று உண்டு. ஒன்றரை மணி நேரம். அதில் முக்கியமான பாடம் எல்லாம் கடைசி அரை மணியில், அலைதடுப்புச் சுவரை நெருங்கும்போதுதான் வரும். நம் கடல் மாதிரி இருக்கட்டுமே என்று வெளியே கொஞ்சம் மீன்பிடிப் படகுகளைத் தூவி வைத்திருந்தேன். அதுதான் தலைவலியாகப் போயிற்று. பிள்ளைகள் கடலில் பாதி வழியிலேயே ஒரு படகைக் கண்டு தயங்குவார்கள். வேகத்தைக் குறைப்பார்கள், சுற்றிப் போவார்கள், சுற்றிப் போனால் இன்னொரு படகு. நேரம் ஓடிவிடும். சுவரையே பார்க்காமல் பயிற்சி முடிந்துவிடும். வெளியே அடுத்த குழு டீயைக் குடித்துவிட்டு வராந்தாவில் காத்திருக்கும்.

ஒரு நாள் நான் மவுஸை எடுத்து அந்தப் படகின் முகத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். திரையில் படகு தானாகவே மெல்ல ஒதுங்குகிற மாதிரி இருந்தது. பிரிட்ஜில் நின்ற பையன், "படகு விலகுகிறது சார்" என்று கேப்டனாக நின்றவனிடம் சொன்னான். அவன் "சரி" என்றான். சந்தோஷமாகச் சுவர்வரை வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு அவசரத்துக்குச் செய்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தப் படகு வழியில் நின்றாலும் என் வலது கை தானாகப் போய்விடும். பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அவசரப்படாமல், அழகாகத் திருப்புவேன். "விலகுகிறது" என்று சொல்கிற பையனுக்குத் தகவல் பரிமாற்றம் என்ற இடத்தில் முழு மதிப்பெண் போடுவேன். என் பயிற்சிகள் நேரத்துக்கு முடிகின்றன என்று நிர்வாகத்தில் பாராட்டினார்கள்.

இத்தனைக்கும் நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆட்களுக்கு நடுவில் வளர்ந்தவன். வலை தண்ணீரில் கிடக்கும்போது படகு சட்டென்று நகர முடியாது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்படி நிற்கிற படகுக்குக் கப்பல்தான் வழிவிட வேண்டும் என்கிற விதியும் மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

என்னை ஒருத்தி எச்சரித்தாள். கோமளா. சிமுலேட்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையை ஒரு திட்டுத் திட்டிவிட்டு, ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். ஒரு நாள் நான் படகைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நெஜ கடல்ல யாரு சார் மவுஸ் புட்ச்சிகினு ஒக்காந்துகினு கீறாங்க?"

நான் சிரித்தேன். "நீ பேசாம அடுத்த பயிற்சியை லோடு பண்ணு தாயே" என்றேன். அவளும் சிரித்துவிட்டு லோடு செய்தாள். அன்று மத்தியானம்தான் வகுப்பில், சின்னவர்கள் சொல்கிற சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். பேசும்போது எனக்குக் கோமளாவின் ஞாபகம் வரவில்லை. அவள் அப்புறம் அதைப் பற்றி வாயைத் திறக்கவேயில்லை.

செல்வின் அந்த வருஷங்களில் வந்த பிள்ளை. அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். வீட்டில் முதல் முதலாகக் கடைக்கு வெளியே வேலைக்குப் போகிற பையன். கூச்சம் உண்டு, ஆனால் பிரிட்ஜில் நின்றால் தெளிவாகப் பேசுவான். "படகு ஒன்று நேர் முன்னால், விலகுகிறது சார்" என்று அவன் சொல்கிற விதத்தை மற்ற பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். கடைசி நாளில் அவன் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க குடும்பத்துல ஒருத்தன் கப்பல்ல நிக்கான்னா அது நீங்க போட்ட பிச்சைய்யா" என்றார். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று சொன்னேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அவன் முதலில் போன கப்பல் ஆழ்கடலிலேயே ஓடியது. படகு நெரிசலைப் பார்க்கிற வாய்ப்பு அவனுக்கு வரவில்லை. இரண்டாவது கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்தது. காலை பத்து மணி, நல்ல வெயில், கடல் அமைதி. துறைமுகத்துக்குள் வழிகாட்ட வருகிற பைலட் எத்தனை மணிக்கு ஏறுவார் என்று கேப்டன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். செல்வின் ஜன்னலருகே நின்றான். ஒரு மாலுமி சுக்கானைப் பிடித்திருந்தார். நேர் முன்னால் ஒரு ஃபைபர் படகு. அதில் இரண்டு பேர். ஒருவர் பின்னால் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் எழுந்து நின்று எதையோ ஆட்டினார். செல்வின் கேப்டனிடம், "படகு ஒன்று நேர் முன்னால், விலகுகிறது சார்" என்றான். கேப்டன் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். சுக்கான் பிடித்தவரும் படகைப் பார்த்தார். அதிகாரி சொல்லிவிட்டாரே என்று இருந்துவிட்டார். கிட்டே போனதும் கப்பலின் முன்பக்கம் படகை மறைத்துக்கொண்டது. செல்வின் வெளியே ஓடி, படகு எந்தப் பக்கம் வருகிறது என்று எட்டிப் பார்த்தான். இடது பக்கம் வந்தது, கவிழ்ந்து வந்தது.

குனிந்திருந்த எத்திராஜ் பிழைத்தார். நின்றிருந்த அவர் அண்ணன் தேசப்பன் பிழைக்கவில்லை.

எனக்கு இது முதலில் செய்தியாகத்தான் தெரிந்தது. ராயபுரத்தில் எங்கள் தெரு முனையில் மீன் வாங்கப் போனபோது, எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்து ஆளைக் கப்பல் இடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கப்பல்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன். மறுநாள் பயிற்சி மையத்துக்குப் போனபோது கோமளா எனக்காக வாசலிலேயே நின்றாள்.

"சார், அந்தக் கப்பல்ல இருந்தது நம்ம செல்வினாம் சார்."

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்தவளிடம், "நீ அன்னைக்குச் சொன்னியேம்மா" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு சார் அது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து நான் எந்தப் படகையும் நகர்த்தவில்லை. பயிற்சிகள் நேரத்துக்கு முடியவில்லை என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. நகர்த்தினது தெரிந்திருந்தால் அல்லவா நிறுத்தினது தெரியும்?

விசாரணை நடந்தது. சரியாகக் கண்காணிக்கவில்லை என்று முடிவு சொன்னார்கள். கேப்டனுக்குத் தண்டனை, செல்வினின் சான்றிதழ் ஒரு வருஷம் முடக்கம். விசாரணை முடிந்த வாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். என் மனைவி கொடுத்த காபி ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

"அது விலகலையேப்பா. விலகுதுன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது.

டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியல சார். எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. நானும் தினம் யோசிச்சுப் பாக்கறேன். பாத்தேன் சார், நல்லாப் பாத்தேன். இப்ப திரும்பும், இப்ப திரும்பும்னு நின்னேன். எப்பவும் திரும்பிடுமே சார்."

எந்தக் கடலில் எப்போதும் திரும்பியது என்று அவனுக்குத் தெரியவில்லை. படகுகள் நிறைந்த கடல் என்று அவன் பார்த்திருந்தது என் அறையில் இருந்த கடல் ஒன்றைத்தான். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. என் பெயர், என் வேலை, ஓய்வு பெற இருந்த கொஞ்ச மாதங்கள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. "மனசைத் தேத்திக்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான்.

ஒரு வருஷம் போனது. முடக்கம் நீங்கியும் செல்வின் கப்பலுக்குப் போகவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு நாள் அவன் அப்பா போன் செய்தார். "ஐயா, கடல் பக்கமே போவ மாட்டேங்கான். சரியா சாப்பிட மாட்டேங்கான். கடையில எடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க சொன்னா கேப்பான்யா" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே திருவொற்றியூர் போனேன். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மவுஸ், நேரம், பாராட்டு, கோமளா சொன்னது, நான் சிரித்தது. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் படகெல்லாம் நீங்க திருப்பினதா சார்?"

"ஆமாப்பா."

"நான் சொன்னதுக்கு முழு மார்க் போட்டீங்களே சார்."

அவன் மூட்டையின் தையலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "இதை எங்கிட்டச் சொல்லி என்ன சார்? அவங்க வீட்டுல சொல்லணும். நான் ரெண்டு தடவை குப்பத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். உள்ள போக தைரியம் வரல. நீங்க வந்தா நானும் வர்றேன்."

நான் ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒத்துக்கொண்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. போய்ச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். பாரம் இறங்கினால் அது யார் தலையில் போய் உட்காரும் என்று நான் யோசிக்கவில்லை. நாற்பது வருஷம் கடலிலும் வகுப்பிலும் இருந்தவன், ஒரு காரியத்தைச் செய்தால் அடுத்தது என்ன ஆகும் என்று யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவன், யோசிக்கவில்லை.

நாங்கள் குப்பத்துக்குப் போனபோது தேசப்பனின் மனைவி கன்னியம்மா மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எத்திராஜ் வாசலில் நின்றார். நாங்கள் யார் என்று செல்வின் சொன்னதும் எத்திராஜின் முகம் மாறியது. கன்னியம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். எனக்குத் தெரிந்த எளிய தமிழில், கம்ப்யூட்டர் கடலைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் சொல்லி முடித்தேன்.

எத்திராஜுக்குத்தான் முதலில் புரிந்தது. "இன்னா சார் சொல்றீங்க? கம்ப்யூட்டர்ல நீங்க படக தள்ளி வுட்டீங்க. அத்த பாத்துட்டு இவுரு, நெஜ படகும் தானா தள்ளிப் பூடும்னு வந்துட்டாரா? வெள்ளாட்டா கீதா ஒங்களுக்கு? வல கெடக்குது சார் தண்ணில! எப்டி சார் நவுர்றது?"

"நீ சும்மா இரு" என்றார் கன்னியம்மா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வினைப் பார்த்துத் திரும்பினார்.

"நைனா, நீ அவர பாத்தியா?"

செல்வின் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தேங்க்கா."

"எவ்ளோ நேரம்?"

"ஆறேழு நிமிஷம் இருக்கும்க்கா."

"சரியா பாக்கலன்னு தானே ஆபீசருங்க வந்து சொன்னாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. "அம்மாம் பெரிய கப்பலு, அவ்ளோ ஒசரத்துல நின்னுகினு கீறவங்களுக்குக் கீழ ஒரு ஆளு எப்டி தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன். புள்ளைங்களாண்டயும் அத்தயேதான் சொல்லி வெச்சிகீறேன். அப்பாவ அவுங்க பாக்கல, பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டாங்கன்னு."

எத்திராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவரு இன்னா பண்ணிகினு இருந்தாரு?"

"எழுந்து நின்னு... சட்டையக் கழட்டி ஆட்டினாருக்கா."

"இன்னா கலரு சட்ட?"

"மஞ்சள்."

"அவருதான்" என்றார் கன்னியம்மா.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தைதான் வந்தது என்று நினைக்கிறேன். அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புள்ளைங்க ஸ்கூலு வுட்டு வர்ற நேரம். அதுங்க வர்றதுக்குள்ள கெளம்பிடுங்க. அதுங்களாண்ட இத்த சொல்ல வாணாம் நைனா. நீங்க பாக்கலன்னே இருந்துட்டுப் போவட்டும்."

நாங்கள் பள்ளி விடுவதற்குள் கிளம்பிவிட்டோம்.